ராம் நிரம்பினால் கெர்னல் எதை வெளியேற்றும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் வார இறுதியில் நாங்கள் நடத்தும் லினக்ஸ் வகுப்புக்கு மயிலாடுதுறை, மன்னார்குடி, பாபநாசம் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பாதி. டிடிபி கடை, இ-சேவை மையம், கூட்டுறவுச் சங்கம் என்று வேலையில் இருப்பவர்கள் பாதி. பெரும்பாலோரிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள மெஷின். அரசின் விலையில்லா மடிக்கணினியை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. அதனால் எந்தப் பாடம் எடுத்தாலும் பேச்சு கடைசியில் ராமுக்கு வந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைப் பதிலோடு இங்கே போட்டிருக்கிறேன். பேச்சு முழுக்க லினக்ஸ் கெர்னலை வைத்துத்தான்; ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையத்தில் இருந்து ராம், டிஸ்க், ப்ராசஸரைப் ப்ரோக்ராம்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதிதான் கெர்னல்.

பக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அதை ஏன் வெளியேற்ற வேண்டும்?

கெர்னல் நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறது. ஒரு துண்டு ஒரு பக்கம். நம் இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் அதன் வழக்கமான அளவு 4096 பைட். 4 ஜிபி ராம் என்றால் 10,48,576 பக்கங்கள்.

ஓடுகிற ப்ரோக்ராம்கள் எல்லாம் சேர்ந்து இதைவிட அதிகமாகக் கேட்கும். கேட்பதை எல்லாம் ஒரே நேரத்தில் தொடமாட்டா என்பதால் கெர்னல் துணிந்து ஒப்புக்கொள்கிறது. புதிதாக ஒரு பக்கம் வேண்டும், இடம் இல்லை என்றால், உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கொடுக்கும். எடுத்த பக்கத்தையே ப்ரோக்ராம் மறுபடி தொட்டால் பேஜ் ஃபால்ட் வரும்; டிஸ்கிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ராமைத் தொட 100 நானோ விநாடி அளவில் ஆகிறது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு பக்கத்தைத் தேடி எடுக்க 10 மில்லி விநாடி வரை போகும், அதாவது ஒரு லட்சம் மடங்கு. எதை எடுப்பது என்ற முடிவு தப்பானால் நம் மெஷின் ஏன் அப்படித் திணறுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

ஃப்ரீ கட்டளை போட்டால் 100 எம்பிதான் காலி என்கிறது. ராம் போதவில்லையா சார்?

அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் திறந்த கோப்புகளை எல்லாம் கெர்னல் ராமிலேயே வைத்திருக்கும், மறுபடி கேட்டால் டிஸ்குக்குப் போகாமல் கொடுக்கலாமே என்று. சும்மா கிடக்கும் ராமால் யாருக்கும் பயன் இல்லை. பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் அவைலபிள் என்ற பத்தி. ஸ்வாப்புக்கு, அதாவது ராமிலிருந்து எடுத்த பக்கங்களை வைக்க டிஸ்கில் ஒதுக்கிய இடத்துக்கு, போகாமல் புது ப்ரோக்ராமுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்ற கெர்னலின் மதிப்பீடு அது. 2014-ல் வந்த 3.14 கெர்னலிலிருந்து கெர்னலே இதைக் கணக்கிட்டுச் சொல்கிறது.

எல்லாப் பக்கங்களையும் ஒரே மாதிரி வெளியேற்ற முடியுமா?

முடியாது. ஒரு கோப்பிலிருந்து படித்து, மாற்றாமல் வைத்திருக்கும் பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். அதன் நகல் டிஸ்கில் இருக்கிறது. ப்ரோக்ராமின் கோடு, அதாவது அதன் கட்டளைகள், இருக்கும் பக்கங்களும் இந்த வகைதான், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும். கோப்பின் பக்கத்தை மாற்றியிருந்தால் முதலில் டிஸ்கில் எழுத வேண்டும். மூன்றாவது வகை எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாதது: ப்ரோக்ராம் ஓடும்போது தானே உண்டாக்கிய தரவு. அதற்கு டிஸ்கில் நகல் கிடையாது. ஸ்வாப் இருந்தால் அங்கே போகும், இல்லையென்றால் ராமை விட்டு நகராது. இவை போக, பூட்டி வைத்த பக்கங்களும் உண்டு. அவற்றை வெளியேற்ற முடியாது.

கெர்னல் இந்த வேலையை எப்போது தொடங்கும்?

ராமுக்கு மூன்று அளவுக்கோடுகள் உண்டு. காலி இடம் நடுக்கோட்டுக்குக் கீழே போனால் கேஸ்வாப்டி என்ற கெர்னல் த்ரெட் எழுந்து, மேல்கோடு வரும்வரை பின்னணியில் பக்கங்களை விடுவிக்கும். அதையும் மீறி அடிக்கோடு வரை போய்விட்டால், நினைவகம் கேட்ட ப்ரோக்ராமே நின்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். மவுஸ் ஒரு கணம் உறைந்து நகர்வது பல சமயம் இதனால்தான்.

செமஸ்டருக்கு ஃபிஃபோ, எல்ஆர்யூ, ஆப்டிமல் என்ற மூன்று வெளியேற்ற முறைகளும் வருகிறது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்களேன்.

தேர்வில் அடிக்கடி வரும் வரிசையையே எடுத்துக்கொள்வோம்: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. இந்த எண்கள், ப்ரோக்ராம் தொடும் பக்கங்கள். ராமில் மூன்று பக்கங்களுக்குத்தான் இடம்.

ஃபிஃபோ என்றால் முதலில் வந்தது முதலில் போகும். 1, 2, 3 உள்ளே வர மூன்று ஃபால்ட். 4 வரும்போது 1 போகும். அடுத்த கணமே 1 வேண்டும், 2 போகும். அடுத்து 2 வேண்டும், 3 போகும். பிறகு 5 வர, 4 போகும். அப்புறம் 1-ம் 2-ம் உள்ளேயே இருப்பதால் பிழைத்தோம். அடுத்து 3, 4 இரண்டும் ஃபால்ட்; கடைசி 5 உள்ளேயே இருக்கிறது. மொத்தம் 9.

இப்போது ராமைக் கூட்டி நான்கு இடம் கொடுங்கள். தாளில் போட்டே பாருங்கள், ஃபால்ட் 10 வரும். இடத்தைக் கூட்டியும் நிலைமை மோசமாகிறது. 1969-ல் பெலடியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை வெளியிட்டார்கள். பாடப்புத்தகத்தில் பெலடி முரண் என்று வருவது இதுதான்.

எல்ஆர்யூ என்றால் தொட்டு அதிக நேரம் ஆன பக்கம் போகும். இதே வரிசைக்கு மூன்று இடத்தில் 10, நான்கு இடத்தில் 8. மூன்று இடத்தில் ஃபிஃபோவை விட ஒன்று கூடுதல் என்பதைக் கவனித்தீர்களா? எல்ஆர்யூ எல்லா வரிசைக்கும் ஜெயிக்கும் என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். அதன் பலம் வேறு: இடத்தைக் கூட்டினால் அதன் ஃபால்ட் எண்ணிக்கை ஒருபோதும் கூடாது. நான்கு இடத்தில் உள்ளே இருக்கும் பக்கங்களில், மூன்று இடத்தில் இருந்திருக்கக்கூடிய பக்கங்கள் எப்போதும் அடங்கியிருக்கும்.

ஆப்டிமல் முறையில், இனிமேல் எது மிகத் தாமதமாகத் தேவைப்படுமோ அதை எடுக்க வேண்டும். மூன்று இடத்தில் 7 ஃபால்ட்தான். பெலடி 1966-ல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபோது வெளியிட்ட ஆய்வில் இதை அளவுகோலாக வைத்தார். இனி வரப்போவது முன்கூட்டியே தெரிந்தால்தான் இதைச் செய்ய முடியும்; கெர்னலுக்குத் தெரியாது. தெரிந்தது நேற்றைய கதை மட்டும். அதை வைத்து நாளையை ஊகிப்பதுதான் மீதி முறைகள் எல்லாமே.

அப்படியானால் கெர்னல் எல்ஆர்யூவை அப்படியே செய்கிறதா?

இல்லை, செய்யவும் முடியாது. ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் நேரத்தைக் குறித்து வரிசையை மாற்ற வேண்டும் என்றால், தொடுவதை விடக் குறிப்பதற்கு அதிக நேரம் ஆகும். ப்ராசஸர் கொடுப்பது ஒரே ஒரு பிட்: இந்தப் பக்கம் தொடப்பட்டது. எப்போது, எத்தனை முறை என்பதெல்லாம் கிடையாது.

அந்த ஒரு பிட்டை வைத்துக்கொண்டு கணினி விஞ்ஞானி கோர்பாட்டோ 1960களின் இறுதியில் எம்ஐடியில் மல்டிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காகச் செய்ததுதான் கடிகார முறை. பக்கங்களை வட்டமாக நிறுத்தி ஒரு முள் சுற்றி வரும். முள் நிற்கும் பக்கத்தின் பிட் 1 என்றால் 0 ஆக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். ஏற்கெனவே 0 என்றால், போன சுற்றுக்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று பொருள், அது வெளியே. அவ்வளவு எளிமை. இன்றுவரை எல்லாரும் இதன் வாரிசுகளைத்தான் ஓட்டுகிறார்கள். மிகக் குறைந்த தகவலை வைத்து இவ்வளவு நல்ல முடிவு எடுக்கும் உத்திகள் கணினித் துறையில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

பக்கங்களை இப்படி வெளியேற்றுவதை முதன்முதலில் யார் செய்தார்கள்?

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி, 1962. ஒவ்வொன்றும் 512 சொல் கொண்ட 32 பக்கங்கள்தான் அதன் முதன்மை நினைவகம்; மீதி எல்லாம் சுழலும் காந்த உருளையில். பக்கங்கள் கடைசியாக எப்போது பயன்பட்டன, அதற்கு முன் எவ்வளவு நேரம் சும்மா இருந்தன என்று பார்த்து எதை அனுப்புவது என்று முடிவு செய்யும் ப்ரோக்ராம் அதிலேயே இருந்தது.

ஒரு பெரிய கோப்பைத் திறந்தால், அதுவரை வேகமாக இருந்த மற்றதெல்லாம் வெளியே போய்விடாதா?

வேளாண் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டது இது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை இறக்கி, திருவாரூர் பக்கம் எங்கெல்லாம் சம்பா நட்டாயிற்று என்று வரைபடம் போடுகிறார். அந்தப் படத்தின் 10 மீட்டர் துல்லியப் பட்டை ஒன்று 10,980-க்கு 10,980 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். சுமார் 24 கோடி பைட், கிட்டத்தட்ட 59,000 பக்கங்கள். நான்கு பட்டைகளைப் படித்தால் இரண்டே கால் லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே முறை படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். வெறும் எல்ஆர்யூவாக இருந்தால் இவைதான் புத்தம் புதியவை. எடிட்டர், பிரவுசர் எல்லாம் பழையவை என்று ஒதுக்கப்பட்டு வெளியே தள்ளப்படும்.

இதைத் தடுக்கத்தான் லினக்ஸில் இரண்டு வரிசைகள். கோப்பிலிருந்து புதிதாக வரும் பக்கம் முதலில் செயலற்ற வரிசையில் நிற்கும். அங்கே இருக்கும்போதே மறுபடி தொடப்பட்டால்தான் செயலில் உள்ள வரிசைக்கு உயர்வு. ஒரே முறை படித்த படத்தின் பக்கங்கள் செயலற்ற வரிசை வழியே வந்து அப்படியே போய்விடும். கோப்புப் பக்கங்களுக்கு ஒரு சோடி, ப்ரோக்ராமின் சொந்தத் தரவுக்கு ஒரு சோடி என்று வரிசைகளைத் தனியாகப் பிரித்தது 2008-ல் வந்த 2.6.28 கெர்னல்.

வெளியேற்றிய பக்கம் தப்பான பக்கம் என்று கெர்னலுக்குத் தெரியுமா?

தெரியும். இந்தப் பட்டியலில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் கேள்வி இதுதான்.

செயலற்ற வரிசை மிகவும் குட்டையாக இருந்தால், ஒரு பக்கம் இரண்டாவது முறை தொடப்படும் முன்பே வெளியே போய்விடும். திரும்பி வரும்போது மறுபடி புதுசு என்றே நினைத்து அதே வரிசையின் வாலில் நிறுத்தினால், மறுபடியும் அதே கதி. வருவதும் போவதுமாக இருக்குமே தவிர உயர்வே கிடைக்காது. ஜோஹன்னஸ் வைனர் எழுதி, 2014-ல் 3.15 கெர்னலில் சேர்ந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்தை வெளியேற்றும்போது அது இருந்த இடத்தில் ஒரு சின்னச் சீட்டை விட்டுவைக்கிறது கெர்னல். அதுவரை எத்தனை பக்கங்கள் வெளியேறின என்ற ஓடும் எண்ணிக்கை அந்தச் சீட்டில் இருக்கும். பக்கம் திரும்பி வந்ததும் இப்போதைய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால், எவ்வளவு சீக்கிரத்தில் திரும்பியது என்று தெரிந்துவிடும். இடம் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் போயே இருக்காது என்ற அளவுக்கு அந்த வித்தியாசம் சிறிதாக இருந்தால், பக்கம் நேராகச் செயலில் உள்ள வரிசைக்குப் போகிறது.

ராம் போதுகிறதா என்று பார்க்க நாமும் இதைத்தான் பார்க்க வேண்டும். எத்தனை பக்கங்கள் வெளியே போயின என்பதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. போனதில் எத்தனை உடனே திரும்பி வந்தது என்று பாருங்கள். ப்ராக் கோப்பகத்தில் உள்ள விஎம்ஸ்டாட் கோப்பில் வொர்க்கிங்செட் ரீஃபால்ட் என்று தொடங்கும் வரிகள் அதைச் சொல்லும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை படித்து வித்தியாசத்தைப் பாருங்கள். ராம் நிரம்பியிருந்தும் அந்த எண் நகரவில்லை என்றால் நிம்மதியாக இருங்கள்.

எம்ஜிஎல்ஆர்யூ என்கிறார்களே, அது என்ன?

இரண்டு வரிசைக்குப் பதிலாகப் பக்கங்களைத் தலைமுறைகளாகப் பிரிக்கும் புது முறை. கூகுளில் இருந்த யூ ஜாவோ எழுதியது, 2022 டிசம்பரில் 6.1 கெர்னலில் சேர்ந்தது. தலைமுறைகள் அதிகபட்சம் நான்கு. மிகப் பழைய தலைமுறையிலிருந்து வெளியேற்றம். பழைய முறையில் ஒவ்வொரு பக்கமாக எடுத்து, இதை யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று தேடித்தான் தொடப்பட்டதா என்ற பிட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. இதில், ப்ரோக்ராமின் எந்தப் பக்கம் ராமில் எங்கே இருக்கிறது என்று குறித்திருக்கும் பக்க அட்டவணையிலேயே வரிசையாக நடந்து பல பக்கங்களின் பிட்டை ஒரே வீச்சில் படித்துவிடலாம். கேஸ்வாப்டி தின்னும் ப்ராசஸர் நேரம் இதனால் குறைகிறது. கெர்னலில் இருந்தாலும் சில டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் தொகுப்புகளில், அணைத்து வைத்திருப்பார்கள். சிஸ் கோப்பகத்தில் கெர்னல், எம்எம், எல்ஆர்யூ-ஜென் என்று உள்ளே போனால் எனேபிள்ட் என்ற கோப்பு இருக்கும், பாருங்கள். 4 ஜிபி மெஷினில் இதை ஓட விடுங்கள் என்றே சொல்வேன்.

முகூர்த்த சீசனில் மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் வைகாசி மாதம் இதை நேரில் பார்த்தேன். 4 ஜிபி மெஷின். கல்யாணப் பத்திரிகை ஒன்று ஜிம்பில் திறந்திருக்கிறது, ஃப்ளெக்ஸுக்கான பெரிய போட்டோ இன்னொன்று. பிரவுசரில் வாட்ஸ்அப் வெப்போடு பத்துப் பதினைந்து டேப். எழுத்தை ஒரு பிக்சல் நகர்த்தினால் திரையில் நகர அரை நிமிடம்.

விஎம்ஸ்டாட் 1 என்று தட்டினோம், விநாடிக்கு ஒரு வரி வரும். அதில் எஸ்ஐ என்பது ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது, எஸ்ஓ வெளியே போவது. சாதாரண நாளில் இரண்டும் 0 ஆக இருக்கும், எப்போதாவது ஒன்று எட்டிப் பார்க்கும். அன்றைக்கு இரண்டு பத்தியிலும் வரிக்கு வரி ஐந்து இலக்க எண்கள். பி என்ற பத்தியில், டிஸ்குக்காகக் காத்து நிற்கும் வேலைகள். டிஸ்குக்காகக் காத்திருந்த நேரத்தைக் காட்டும் டபிள்யூஏ உச்சத்தில், ப்ரோக்ராம்களை ஓட்டிய நேரத்தைக் காட்டும் யூஎஸ் ஒற்றை இலக்கத்தில். ப்ராசஸர் வேலையே செய்யவில்லை, டிஸ்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எஸ்ஓ மட்டும் ஓடினால் பயமில்லை, தேவையில்லாததை ஒதுக்குகிறது. இரண்டும் சேர்ந்து ஓடினால் போனதே திரும்பி வருகிறது என்று அர்த்தம். இதற்குப் பெயர் த்ராஷிங்.

கணினி விஞ்ஞானி பீட்டர் டென்னிங் 1968-ல் இதற்கான காரணத்தைச் சொல்லிவிட்டார். ஒரு ப்ரோக்ராம் அண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களின் தொகுதியை வொர்க்கிங் செட் என்றார். ஓடுகிற எல்லாவற்றின் வொர்க்கிங் செட்டும் சேர்ந்து ராமுக்குள் அடங்கவில்லை என்றால், எந்த வெளியேற்ற முறையாலும் காப்பாற்ற முடியாது. நம் ஊரில் மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷம் எல்லா ஆற்றிலும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் கடைமடை வரை எதுவும் போய்ச் சேராது; அதனால்தான் முறை வைத்து, காவிரியில் சில நாள், வெண்ணாற்றில் சில நாள் என்று விடுகிறார்கள். டென்னிங் சொன்ன தீர்வும் அதுவே: சில வேலைகளை முழுக்க நிறுத்தி வைத்து, மற்றவற்றுக்குத் தேவையான முழு அளவையும் கொடு. மேசைக் கணினியில் அந்த முறையை வைக்க வேண்டியது நாம்தான். அச்சகத்தில் பிரவுசரை மூடினோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பத்தியும் 0.

ஸ்வாப்பையே எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடுமா?

போகாது, இன்னும் மோசமாகலாம். ஸ்வாப் இல்லையென்றால் ப்ரோக்ராம்களின் சொந்தத் தரவு ராமிலேயே ஒட்டிக்கொள்ளும், காலையில் திறந்து மறந்துபோன டேப் உள்பட. கெர்னல் கைவைக்கக் கோப்புப் பக்கங்கள் மட்டும்தான் மிச்சம். மேலே சொன்னேனே, ப்ரோக்ராமின் கோடும் அந்த வகைதான். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமின் கோடையே வெளியேற்றி, அடுத்த நொடி டிஸ்கிலிருந்து மறுபடி படிக்கும். ஸ்வாப் இல்லாமலே த்ராஷிங். கடைசியில், நினைவகம் தீர்ந்தால் ஒரு ப்ரோக்ராமை நிறுத்தும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து எதையாவது கொல்லும்வரை மெஷின் உறைந்து கிடக்கும்.

சின்ன ராம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இசட்ராம். பக்கத்தை டிஸ்குக்கு அனுப்பாமல் சுருக்கி ராமிலேயே வைக்கும். தோராயமாகப் பாதியாகச் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். விரித்தெடுப்பது டிஸ்கைவிட எத்தனையோ மடங்கு வேகம். அந்த அச்சகத்திலும் அதைத்தான் போட்டுக்கொடுத்தோம்.

ஸ்வாப்பினஸ் எவ்வளவு வைப்பது?

இயல்பு 60. எத்தனை சதவீதம் ராம் நிரம்பினால் ஸ்வாப் தொடங்கும் என்பது அதன் பொருள் என்று யூடியூபில் சொல்வதை நம்பாதீர்கள். சொந்தத் தரவை ஸ்வாப்புக்கு அனுப்புவதற்கும் கோப்புப் பக்கத்தை விடுவதற்கும் ஆகும் செலவை எப்படி ஒப்பிடுவது என்று நாம் கெர்னலுக்குச் சொல்லும் எண் அது. 100 என்றால் இரண்டும் சமம். இசட்ராம் இருந்தால் ஸ்வாப்தான் மலிவு, அதனால் 100-க்கு மேலும் வைக்கலாம். 2020-ல் வந்த 5.8 கெர்னலிலிருந்து 200 வரை இடம் உண்டு.

ட்ராப் கேஷ் கட்டளையை மணிக்கொரு தடவை ஓட விட்டிருக்கிறேன். சரிதானே?

வேண்டாம், எடுத்துவிடுங்கள். கெர்னல் பார்த்துப் பார்த்து ராமில் சேர்த்த கோப்புப் பக்கங்களைக் கொட்டிவிட்டு, அதையே மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வைக்கிறீர்கள்.

ஐப்பசி மழையில் கரண்ட் போய்விட்டது. சேமித்த கோப்பு பழையபடியே இருக்கிறது, ஏன்?

சேமி என்று சொன்னதும் மாறிய பக்கம் ராமில்தான் நிற்கிறது. சாதாரண அமைப்பில், மாறி 30 விநாடி ஆன பக்கங்களை டிஸ்கில் எழுத வேண்டும் என்பது கணக்கு. எழுதும் த்ரெட் 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து பார்க்கும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் போனதுதான். நல்ல எடிட்டர்கள் சேமிக்கும்போதே எழுதி முடிக்கச் சொல்லிக் கெர்னலிடம் கேட்டுவிடும். பென் டிரைவில் நகல் எடுத்தால் சிங்க் கட்டளை முடியும்வரை பிடுங்காதீர்கள். யூபிஎஸ் இல்லாத கடைகளில் இதை எழுதியே ஒட்டிவைக்கச் சொல்கிறேன்.

போனில் வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால் பழைய ஆப் முதலிலிருந்து தொடங்குகிறதே?

ஆண்ட்ராய்டில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான், இசட்ராமும் உண்டு. நெருக்கடி கூடினால் பக்கம் பக்கமாகப் போராடாமல், பின்னணியில் இருக்கும் ஆப் ஒன்றையே முடித்துவிடும். அதற்கென்றே எல்எம்கேடி என்ற சேவை ஓடுகிறது.

நான் எழுதும் சி ப்ரோக்ராம் கெர்னலுக்கு ஏதாவது உதவ முடியுமா?

தாராளமாக. எதிர்காலம் கெர்னலுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமே. ஒரு கோப்பை ஒரே முறை படித்து முடித்ததும், இனி வேண்டாம் என்று ஃபேட்வைஸ் அழைப்பில் சொல்லலாம். உங்கள் சொந்தத் தரவுக்கு எம்அட்வைஸ் இருக்கிறது. இது ஆறிப்போனது, முதலில் இதை எடுத்துக்கொள் என்று சொல்லும் கோல்ட், இப்போதே வெளியேற்று என்று சொல்லும் பேஜ்அவுட் இரண்டும் 2019-ன் 5.4 கெர்னலில் வந்தன. அந்த வேளாண் மாணவியின் ப்ரோக்ராமில் ஃபேட்வைஸைச் சேர்க்கக் கூடுதலாக ஒரே வரிதான் தேவைப்பட்டது.

கெர்னல் மூலநிரலில் இதையெல்லாம் எங்கே பார்ப்பது?

எம்எம் கோப்பகத்தில். விஎம்ஸ்கேன் கோப்பில் வெளியேற்றும் வேலை முழுதும் இருக்கிறது, ஆனால் ஆயிரக்கணக்கான வரிகள். அதில் தொடங்கினால் முதல் வாரமே விட்டுவிடுவீர்கள். வொர்க்கிங்செட் கோப்பிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன சீட்டுக் கணக்கு அங்கேதான் இருக்கிறது. இரண்டு வரிசை ஏன், வித்தியாசத்தை எப்படி அளப்பது, எந்த இடத்தில் தோராயம் செய்கிறோம் என்று எல்லாவற்றையும் சின்னப் படத்தோடு விளக்கும் நீளமான குறிப்பு கோப்பின் தலையிலேயே உண்டு. நிரலைத் தொடும் முன் அதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.